நிமிடத்துக்கு ஒரு 'இருக்கிறேன்'

அம்மா பிற்பகலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுகிறார் என்பது எனக்குத் தெரியவந்ததே தற்செயலாகத்தான். தம்பி அழைத்து, "இரவு எட்டு மணி மாத்திரையை அம்மா போட்டாரா என்று மூன்று நாட்களாகச் செயலியில் தெரியவில்லை" என்றான். அம்மாவைக் கேட்டேன். "மூன்று மணிக்கே சார்ஜ் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. அதனால் டேட்டாவை அணைத்து வைக்கிறேன். இரவு நீங்கள் யாராவது அழைத்தால் போன் உயிரோடு இருக்க வேண்டாமா?" என்றார்.

அந்த மாத்திரைச் செயலியை எழுதியவர் நான். மாத்திரை நேரத்தில் மணி அடிக்கும். அம்மா 'போட்டுவிட்டேன்' என்று அழுத்தினால் எனக்கும் தம்பிக்கும் அறிவிப்பு வரும். எங்கள் குடும்பத்துக்காக எழுதத் தொடங்கியது. இப்போது சில ஆயிரம் குடும்பங்கள் பயன்படுத்துகின்றன. அம்மாவின் போனை வாங்கி பேட்டரிப் பக்கத்தைத் திறந்தேன். முதல் இடத்தில் இருந்தது என் செயலி.

அன்று முழுவதும் அது பயன்படுத்தியிருந்த டேட்டா 300 கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு புகைப்படத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செல்போன் நெட்வொர்க் ஒன்றின் கண்காணிப்பு அறையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பேட்டரிச் செலவில் முதல் இடமும் இவ்வளவு குறைந்த டேட்டாவும் அருகருகே நின்றால் என்ன பொருள் என்பது எனக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். அன்று இரவுதான் விளங்கியது. அதனால்தான் இந்தப் பதிவு.

செயலியும் சர்வரும் எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொரு 60 விநாடிக்கும் ஒரு சிறு செய்தியைச் செயலி அனுப்பும்படி எழுதியிருந்தேன். நிரலாளர்கள் இதை ஹார்ட்பீட் என்பார்கள். அதில் தகவல் எதுவும் கிடையாது. 'இருக்கிறேன்' என்று செயலி சொல்லும், 'சரி' என்று சர்வர் சொல்லும், அவ்வளவுதான். போகவர, யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்லும் முகவரித் தலைப்புகளையும் (ஹெடர்) சேர்த்தால் 200 பைட் வரும். நாளுக்கு 1,440 முறை. 200 பைட்டைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

கவலைப்பட வேண்டியது பைட்டைப் பற்றி அல்ல என்பதுதான் விஷயம். போனுக்குள் இருக்கும் ரேடியோ சும்மா இருக்கும்போது ஏறத்தாழ உறக்கத்தில் இருக்கும். விநாடிக்கு ஒரு முறை அல்லது அதற்கும் சற்று அதிக இடைவெளியில் ஒரு கணம் விழித்து, 'எனக்கு ஏதாவது அழைப்பு உண்டா' என்று டவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுபடியும் உறங்கிப்போகும். அதற்குச் செலவு மிகக் குறைவு. ஒரு செயலி எதையாவது அனுப்ப வேண்டும் என்றால், அது ஒரே ஒரு பைட்டாக இருந்தாலும், ரேடியோ முழுமையாக விழிக்க வேண்டும். டவருடன் பேசி, தனக்கென்று அலைவரிசையில் இடம் வாங்கி, பிறகுதான் அனுப்ப முடியும்.

அனுப்பி முடித்தவுடன் ரேடியோ திரும்ப உறங்கிவிடுமா? உறங்காது. 'இன்னும் ஏதாவது வரலாம்' என்று நெட்வொர்க் அதைச் சற்று நேரம் விழிப்பிலேயே வைத்திருக்கும். எத்தனை விநாடி என்பதை முடிவு செய்வது நெட்வொர்க், போன் அல்ல. ஆய்வாளர்கள் இந்த நேரத்தை 'வால்' என்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 4ஜி இணைப்பின் வால் 11.5 விநாடிக்குச் சற்று மேல் என்று அளந்திருந்தார்கள். அந்த நேரம் முழுவதும் போன் சுமார் ஒரு வாட் இழுத்துக்கொண்டிருந்தது. அதே ஆய்வில் வைஃபையின் வால் கால் விநாடிக்கும் குறைவு. இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தவறு இதற்குள்தான் ஒளிந்திருந்தது.

தண்ணீர் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் பதினோரு விநாடி ஓடித்தான் நிற்கும். குவளை பிடித்தாலும் அதே மின்சாரம், குடம் பிடித்தாலும் அதே மின்சாரம். நான் நிமிடத்துக்கு ஒரு முறை மோட்டாரைப் போட்டு ஒரு சொட்டு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கைப் போட்டேன். 1,440 முறை, ஒவ்வொன்றுக்கும் 11.5 விநாடி: மொத்தம் 16,560 விநாடி, அதாவது 4 மணி 36 நிமிடம். ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ரேடியோ விழித்திருக்கிறது, யாரும் போனைத் தொடாமலே. ஒரு வாட் என்று வைத்தால் 4.6 வாட்-மணி. அம்மாவின் போனில் இருப்பது 3,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. புதிதாக இருந்தபோதே அதன் கொள்ளளவு சுமார் 11.5 வாட்-மணிதான். பேட்டரியில் நாற்பது சதவீதம், 'இருக்கிறேன்' என்று சொல்வதற்கு மட்டும்.

இன்னொரு பக்கம், 5 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் நான்கு விநாடி, பிறகு வால்: மொத்தம் பதினைந்தரை விநாடி. டேட்டாவில் என் ஒரு நாள் ஹார்ட்பீட் அத்தனையையும் விடப் பதினேழு மடங்கு பெரியது. ரேடியோ விழித்திருந்த நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கணக்கை நம்பாமல் அளந்தும் பார்த்தேன். 2012-ன் போன் அல்ல அம்மாவுடையது. இன்றைய ரேடியோக்கள் வால் நேரத்திலும் இடையிடையே கண்ணயரக் கற்றுக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒரு வாட் என்பது இன்று அதிகமாகவே இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு முழு சார்ஜ் ஏற்றி, கேபிளைக் கழற்றி, போனை அம்மாவின் அறையிலேயே வைத்தேன். காலை ஒன்பது மணிக்குப் பேட்டரிப் பதிவுகளை எடுத்து, கூகுள் வெளியிட்ட பேட்டரி ஹிஸ்டோரியன் என்ற கருவியில் ஏற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்தில் மொபைல் ரேடியோ விழித்திருந்த நேரம் 2 மணி 26 நிமிடம். என் கணக்கின்படி 2 மணி 18 நிமிடம் வந்திருக்க வேண்டும். வரைபடத்தில் ரேடியோவின் கோடு சீப்பின் பற்களைப் போல, நிமிடத்துக்கு ஒன்றாக, விடியும்வரை வரிசையாக நின்றது. 100-ல் இருந்த பேட்டரி 71-க்கு வந்திருந்தது. அம்மா இரவு முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தார்.

சோதனையில் இது ஏன் எனக்குத் தெரியவில்லை? காரணத்தைக் கண்டுபிடித்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நான் நிரல் எழுதும்போது என் போன் கணினியோடு கேபிளில் இணைந்திருக்கும். அதாவது எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். அதோடு வைஃபையில் இருக்கும். வால் கால் விநாடிதான். என் மேசைக்கு நேராகச் சிக்னல் முழுமையாக இருக்கும். அம்மாவின் வீட்டில் வைஃபை இல்லை. அவருடைய அறையில் சிக்னல் ஒரு கோடுதான். சிக்னல் குறையக் குறைய, டவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் போன் தன் குரலை உயர்த்தும். 4ஜி போன் ஒன்று அதிகபட்சமாக வெளியிடும் அலையின் திறன் 200 மில்லிவாட் அளவு. அதை உருவாக்கும் பெருக்கி பேட்டரியிலிருந்து எடுப்பது அதைப் போலப் பல மடங்கு. ஒரே செயலி, ஒரே நிரல். என் கையில் செலவே தெரியாது, அம்மாவின் கையில் பேட்டரியைக் குடிக்கிறது. செயலி எழுதுபவர்கள் பெரும்பாலும் நல்ல சிக்னல், நல்ல வைஃபை, புதிய போன் ஆகியவற்றோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட நிரலை அடக்கி வைக்கத்தான் ஆண்ட்ராய்டு 6.0, 2015-ல் டோஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளுக்கு நெட்வொர்க்கைத் துண்டித்துவிடும். அவ்வப்போது சிறு இடைவெளி திறந்து, எல்லாரும் சேர்ந்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். மேசையில் கிடந்த அம்மாவின் போன் அப்படித்தான் உறங்கியிருக்க வேண்டும். ஆனால் என் செயலி, 'பேட்டரி சிக்கனத்திலிருந்து எனக்கு விலக்கு வேண்டும்' என்று நிறுவும்போதே கேட்கும். மாத்திரை விஷயம் அல்லவா, தாமதமாகக் கூடாது என்று நினைத்தேன். அம்மா தயங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து, "அனுமதி என்பதை அழுத்துங்கள் அம்மா" என்று சொன்னவன் நான்.

*

இது ஒரு போனின் கதை. நெட்வொர்க்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதே கதை வேறு மாதிரி தெரியும். அந்தப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கண்காணிப்பு அறையில் பெரிய திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று டேட்டாவின் அளவு. மற்றது சிக்னலிங்: இணைப்பு கொடு, விடு, இடம் மாறினேன், எழுப்பு, உறங்கு என்று போன்களும் நெட்வொர்க்கும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நிர்வாகப் பேச்சு. டேட்டாக் கோடு மலை போல மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். காலையில் ஏறும், இரவு பத்து மணிக்கு உச்சம், அதிகாலை மூன்று மணிக்குத் தரை. சிக்னலிங் கோடு அப்படி இறங்காது. எல்லாரும் தூங்கும் நேரத்திலும் அதற்கு ஓய்வில்லை, போன்கள் தூங்கவில்லையே.

அந்தக் கோட்டில் ஒவ்வொரு மணி நேரமும் சரியாக 00 நிமிடத்தில் ஊசி போல ஒரு முனை எழும்பும். முதல் வாரத்தில் அதைப் பார்த்து, ஏதோ கருவி பழுது என்று நினைத்து மேலாளரை அழைத்தேன். "பழுதில்லை. எங்கோ உட்கார்ந்து யாரோ 'மணிக்கு ஒரு முறை புதுப்பி' என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாப் போன்களின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறது. அதுதான் நீங்கள் பார்ப்பது" என்றார். வானிலை, செய்தி, பங்குச்சந்தை என்று ஆயிரக்கணக்கான செயலிகள். எல்லாருக்கும் வட்டமான எண் பிடித்திருக்கிறது. ஒன்பது மணி ஏழு நிமிடம் என்று யாரும் எழுதுவதில்லை.

நெட்வொர்க்குக்குப் பெரிய கோப்புகளை விட இந்தச் சிறு செய்திகள்தான் அதிகம் வலிக்கும். 3ஜி காலத்தில் உறங்கும் போன் ஒன்றை முழு இணைப்புக்குக் கொண்டுவர போனுக்கும் டவருக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் கருவிகளுக்கும் இடையே இருபது, முப்பது நிர்வாகச் செய்திகள் போய்வர வேண்டியிருந்தது. இரண்டு விநாடி பிடிக்கும். அதன் பிறகு அனுப்பப்படும் 200 பைட் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 4ஜி-யில் இந்தச் சடங்கு சுருங்கியது, ஆனால் போகவில்லை. எதிர்த்திசையிலும் இதே நிலைதான். உறங்கும் போனுக்கு ஒரு செய்தி வந்தால், அது எந்த டவரின் கீழ் இருக்கிறது என்பது நெட்வொர்க்குக்குத் துல்லியமாகத் தெரியாது, வட்டாரம்தான் தெரியும். அந்த வட்டாரத்தின் டவர்கள் பலவும் சேர்ந்து அந்த ஒரு போனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'உங்கள் விளையாட்டில் தினசரிப் பரிசு காத்திருக்கிறது' என்ற அறிவிப்புக்காக டஜன் கணக்கில் டவர்கள் கூவுவதை நினைத்துப் பாருங்கள்.

இது உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2012 ஜனவரி 25 அன்று டோக்கியோ பார்த்தது. ஜப்பானின் மிகப் பெரிய செல்போன் நிறுவனமான என்டிடி டோகோமோவின் சேவை அங்கே சுமார் நான்கு மணி நேரத்துக்கு மேல் தடுமாறியது. 25 லட்சம் வாடிக்கையாளர்கள் வரை பாதிக்கப்பட்டார்கள். டேட்டாவைக் கையாளும் கருவிகளைப் புதியனவாக மாற்றியிருந்தார்கள். ஸ்மார்ட்போன் செயலிகள் எழுப்பும் சிக்னலிங் வெள்ளம் அவற்றின் தாங்குதிறனைத் தாண்டிவிட்டது. பயனர் எதுவும் செய்யாதபோதும் இணையத் தொலைபேசி, அரட்டை போன்ற செயலிகள் சர்வருடன் தொடர்பைத் தக்கவைக்க அனுப்பும் செய்திகளை அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. எங்கள் மேலாளர் அந்தச் செய்தியை அச்சிட்டு அறையின் கதவில் ஒட்டினார். நான் அந்த வேலையை விட்டு வரும்வரை அந்தத் தாள் அங்கேயே இருந்தது. அதைத் தினமும் கடந்து போனவன்தான் பின்னாளில் 60 விநாடி என்று எழுதினேன்.

பேட்டரிக்கு நல்லது எல்லாம் நெட்வொர்க்குக்கும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். 3ஜி காலத்தில் சில போன்கள் வாலைத் தாங்களே வெட்டிக்கொள்ளத் தொடங்கின. அனுப்பி முடித்த கையோடு, 'என் வேலை முடிந்தது' என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டு உறங்கப் போய்விடும். பேட்டரி மிச்சம்தான். ஆனால் இருபது விநாடி கழித்து அடுத்த செயலி எதையாவது அனுப்ப, முப்பது செய்திச் சடங்கு மறுபடியும் முதலிலிருந்து. போனில் மிச்சமானது நெட்வொர்க்கின் தலையில் ஏறியது. கடைசியில், செல்போன் நெட்வொர்க்குகளுக்கான தரவிதிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் எட்டாவது வெளியீட்டில் ஒரு சமரசம் செய்தது: போன் உறங்க அனுமதி கேட்கலாம், எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்பதை நெட்வொர்க் தீர்மானிக்கும். 5ஜி-யின் முதல் வெளியீட்டிலேயே, 2018-ல், உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு புதிய நிலையைச் சேர்த்தார்கள். போன் கண்ணயரும், ஆனால் அதன் விவரங்களை நெட்வொர்க் மறக்காமல் வைத்திருக்கும். எழும்போது அறிமுகச் சடங்கு பெரும்பாலும் தேவைப்படாது. எனக்கு அது மிக அழகான வடிவமைப்பாகத் தோன்றுகிறது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு முறை தட்டி எழுப்புகிறவனிடமிருந்து அதுவும் யாரையும் முழுமையாகக் காப்பாற்றாது.

இன்னொரு அளவீட்டையும் சொல்ல வேண்டும். ஏடி&டி ஆய்வகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-ல் பண்டோரா என்ற இசைச் செயலியை ஆராய்ந்தன. பாட்டு ஒரே மூச்சில் இறங்கிவிடுகிறது, அதில் குறையில்லை. ஆனால் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கணக்கெடுப்பதற்காக நிமிடத்துக்கு ஒரு சிறு செய்தி போய்க்கொண்டிருந்தது. மொத்த டேட்டாவில் அதன் பங்கு 0.2 சதவீதம். ரேடியோவின் மின்செலவில் அதன் பங்கு 46 சதவீதம். நல்ல பொறியாளர்கள் எழுதிய செயலிதான் அது. வெளியிலிருந்து ஒருவர் அளந்து காட்டும்வரை அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

*

சரி, ஹார்ட்பீட் எதற்கு? யாரும் வேண்டுமென்றே வீண் செலவு செய்வதில்லை. போனுக்கும் சர்வருக்கும் நடுவில் நெட்வொர்க்கின் வாயிற்காவலன் ஒருவன் இருக்கிறான்: ஒரே முகவரியைப் பல போன்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி. சில நிமிடங்கள் ஓர் இணைப்பில் எதுவும் போகவில்லை என்றால் அது அந்த இணைப்பை மறந்துவிடும். அதன் பிறகு சர்வர் அனுப்புவது எதுவும் போனுக்கு வராது. போனுக்கோ இணைப்பு அறுந்ததே தெரியாது. அதனால்தான் 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஒரு செயலி சொன்னால் பரவாயில்லை. நாற்பது செயலிகள் நாற்பது இணைப்புகளை வைத்துக்கொண்டு நாற்பது வெவ்வேறு நேரங்களில் சொன்னால் போன் கண்ணை மூடவே முடியாது.

இதற்கான விடை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆப்பிள் 2009-லும் கூகுள் 2010-லும் செயலிகளுக்கான பொது அறிவிப்பு வழியைத் திறந்தன. போன் முழுமைக்கும் ஒரே நீண்ட இணைப்பு, ஒரே ஹார்ட்பீட். எல்லாச் செயலிகளின் செய்தியும் அதன் வழியாக வரும். நான் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை? என் கையில் இருந்தால் உறுதியாக இருக்கும் என்ற எண்ணம்தான். பொது வழியில் தாமதமாகலாம் என்று பயந்தேன். அம்மாவுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் அவருடைய போனின் டேட்டாவையே அவர் அணைத்து வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

திருத்த உட்கார்ந்தபோது முதலில் தோன்றிய கேள்வி வெட்கப்பட வைத்தது: மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்க நெட்வொர்க் எதற்கு? எதற்கும் தேவையில்லை. நேரம் போனிலேயே இருக்கிறது, மணியும் போனிலேயே இருக்கிறது. அதை முழுமையாகப் போனுக்குள்ளேயே வைத்தேன். இப்போது டேட்டாவை அணைத்தாலும் மணி அடிக்கும். அம்மா 'போட்டுவிட்டேன்' என்று அழுத்தும்போது மட்டும் செய்தி போகும். அந்த நேரத்தில் திரை எரிந்துகொண்டிருக்கிறது, ரேடியோ எப்படியும் விழிக்கப் போகிறது. செயலியின் பயன்பாட்டுக் குறிப்புகள், பிழை அறிக்கைகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து அதே பயணத்தில் ஏற்றிவிடுகிறேன். முன்பு அவை தனித்தனியாக, தோன்றிய நேரத்தில் கிளம்பிக்கொண்டிருந்தன. அவற்றில் பாதியை எழுதியவன் நானே அல்ல; வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த நிரல் தொகுப்பு ஒன்று தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் செயலியில் இப்படி எத்தனை கடிகாரங்கள் ஓடுகின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

மாத்திரையைத் தவறவிட்டால்? அதற்கும் அம்மாவின் போன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணிக்கு வர வேண்டிய செய்தி எட்டரைக்குள் வரவில்லை என்றால் அது சர்வருக்கே தெரியும். எனக்கும் தம்பிக்கும் அதுவே சொல்லிவிடும். ஆண்டுக்கணக்காக நிமிடத்துக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டது மௌனத்தைக் கவனிக்கும் ஒரு சர்வர்.

மீதமிருந்தது நாளுக்குச் சில முறை மாத்திரைப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை. அதை ஆண்ட்ராய்டின் வேலைத் திட்டமிடலிடம் ஒப்படைத்தேன். அது பதினைந்து நிமிடத்துக்குக் குறைவான இடைவெளியை ஏற்காது. நான் ஆறு மணி நேரம் கேட்டேன். சரியான விநாடியைக் கேட்காமல் ஒரு காலவரம்பைக் கொடுத்தால், மற்றச் செயலிகளின் வேலையோடு சேர்த்து ஒரே விழிப்பில் அது முடித்துக்கொள்ளும். அதன் மேல் ஒவ்வொரு போனுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல ஒரு தாமதத்தையும் சேர்த்தேன், எல்லாப் போன்களும் 00 நிமிடத்தில் கதவைத் தட்டாமல் இருக்க. கண்காணிப்பு அறையின் ஊசிமுனைகளுக்கு நான் செய்யும் மிகத் தாமதமான மரியாதை அது.

மறுமுயற்சியையும் மாற்றினேன். ஓர் இரவு எங்கள் சர்வர் நாற்பது நிமிடம் நின்றுபோனது. செயலிகள் எல்லாம் ஐந்து விநாடிக்கு ஒரு முறை மறுபடி மறுபடி முயன்றன. வால் பதினோரு விநாடி, முயற்சி ஐந்து விநாடிக்கு ஒன்று: அந்த நாற்பது நிமிடமும் எந்தப் போனின் ரேடியோவும் ஒரு கணம்கூட உறங்கியிருக்க முடியாது. சர்வரை எழுப்பியபோது காத்திருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் பாய, அது மறுபடியும் விழுந்தது. இப்போது முதல் தோல்விக்குப் பின் பத்து விநாடி, அடுத்து இருபது, நாற்பது என்று இரட்டித்து, ஒரு மணி நேரம் வரை போகும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குலுக்கலும் உண்டு.

பேட்டரி சிக்கனத்திலிருந்து விலக்குக் கேட்கும் பெட்டியை அடியோடு நீக்கிவிட்டேன்.

இடையில் ஒரு சொல். அம்மா தினமும் இரவில் அண்மைச் செயலிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவார். பேட்டரி மிச்சமாகும் என்று யாரோ சொன்னதாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒழுங்காக எழுதப்பட்ட செயலி பின்னால் சும்மா கிடந்தால் செலவில்லை. மூடித் திறந்தால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஒழுங்கில்லாத செயலியை பேட்டரிப் பக்கத்தில் பார்த்து, அதன் பின்னணிப் பயன்பாட்டைத் தடுப்பதுதான் வழி. சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் அறையில் போனை ஜன்னலோரம் வைப்பதற்கும் பலன் உண்டு.

புதிய பதிப்பை ஏற்றிய பின் அதே அறையில், அதே இரவு ஒன்பது மணி முதல் காலை ஒன்பது மணி வரை, மறுபடியும் அளந்தேன். 2 மணி 26 நிமிடமாக இருந்த ரேடியோ விழிப்பு 17 நிமிடம் ஆகியிருந்தது. அதிலும் என் செயலியின் பங்கு இரண்டு விழிப்புகள்தான். காலையில் பேட்டரி 93.

இன்னும் முடிவாகாத ஒன்று இருக்கிறது. சர்வரிலிருந்து வரும் அறிவிப்பைச் சாதாரண முன்னுரிமையில் அனுப்பினால், உறங்கும் போனில் அடுத்த இடைவெளி வரும்வரை அது காத்திருக்கும். உயர் முன்னுரிமையில் அனுப்பினால் போனை உடனே எழுப்பும். 'அம்மா மாத்திரை போட்டுவிட்டார்' என்பது காத்திருக்கலாம். 'போடவில்லை' என்பது காத்திருக்கக் கூடாது. இப்போதைக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் உயர் முன்னுரிமை கொடுத்திருக்கிறேன். தம்பிக்கு இரண்டுமே உடனே தெரிய வேண்டுமாம். இந்த வாரம் அதைப் பற்றி அவனோடு இரண்டு முறை பேசிவிட்டேன்.

நேற்று இரவு 8:04-க்கு அம்மாவிடமிருந்து 'போட்டுவிட்டேன்' வந்தது. அப்போது அவர் போனில் 58 சதவீதம் இருந்தது. டேட்டாவை அவர் அணைக்கவில்லை.